தண்ணி குடிக்காத மண்

என் மகளுக்குச் சென்னையில் வீடு பார்த்துக் கொடுத்தது நான்தான். அவளைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள். சொல்லட்டும். எழுதுவது நான்.

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. அதுக்கு மேல் படிக்க வீட்டில் வசதியும் இல்லை, எனக்குப் பொறுமையும் இல்லை. மரக்காணம் உப்பளத்தில் கூலிக்கு உப்புக் கூடை தூக்கினவள் நான். இன்றைக்கு அதே உப்பளத்தில் எனக்குக் குத்தகைப் பாத்திகள் இருக்குது, லாரி இருக்குது, உப்பை அரைத்துப் பாக்கெட் போடுகிற ஷெட் இருக்குது, ஈசிஆர் ரோட்டைப் பார்த்த மாதிரி மாடி வீடு இருக்குது. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தபோது மகளுக்கு நடக்கக்கூட வராது. "இவ என்ன பண்ணப் போறா" என்று கேட்டவர்கள் எல்லாம் பிறகு என்னிடமே வந்து வேலை கேட்டார்கள், கொடுத்தேன். இதைச் சொன்னால் பெருமை பேசுகிறாள் என்பார்கள். இருக்கிறவள் பேசுகிறேன்.

மகள் ரத்தம் பரிசோதிக்கிற படிப்பு படித்தாள். பாண்டிச்சேரியில் ஒரு சின்ன லேபில் வேலை, தினமும் மரக்காணத்திலிருந்து பஸ். அப்புறம் சென்னையில் ஒரு பெரிய லேபில் வேலை கிடைத்தது. அங்கே இருக்கிற மெஷின்களைப் பற்றி அவள் பேசும்போது முகமே வேறு மாதிரி இருக்கும், புது லாரி எடுத்த அன்றைக்கு என் முகம் எப்படி இருந்ததோ அப்படி. அந்த வேலைக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை. ஒரு கண்டிஷன்தான் போட்டேன்.

"போ. ஆனா எந்த ஏரியான்னு நான் பார்த்துச் சொல்லுவேன். எனக்குப் பிடிச்ச இடம் கிடைக்கலைன்னா பாண்டிச்சேரி வேலையே போதும்."

"அம்மா, எனக்கு முப்பது வயசு ஆகப்போகுது."

"ஆகட்டும். எனக்கு அறுபது தாண்டிடுச்சு. யாரு பெரியவ?"

அவள் பதில் பேசவில்லை. சண்டை போட்டால் நான் சமாளித்துவிடுவேன். அவள் வாயை மூடிக்கொண்டால்தான் எனக்குப் பயம். அவள் அப்பா அப்படித்தான், பேசாமல் இருந்தே தன் காரியத்தை முடிப்பார். வேலையில் சேர வேண்டிய திங்கட்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. வீடு கிடைக்காமல் அந்த வேலை போனால் அவள் என்னை மன்னிக்க மாட்டாள். என்னை மீறிப் போனால் நான் அவளை மன்னிக்க மாட்டேன். ரெண்டில் எது நடந்தாலும் வீட்டில் நான் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருப்பேன். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் கண்டிஷனை விடவில்லை, ஏனென்றால் இடம் பார்ப்பதில் என்னை அடிக்க ஆள் கிடையாது.

இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும். உப்புப் பாத்திக்குத் தண்ணி குடிக்காத மண் வேண்டும். பாத்தியில் விட்ட உப்புத் தண்ணி கீழே இறங்காமல் நின்று வெயிலில் வற்ற வேண்டும். மண்ணே குடித்துவிட்டால் உப்பு எங்கிருந்து வரும்? அதனால் தை மாதம் பாத்தியில் சேற்றைப் பரப்பி, வரிசையாக நின்று காலால் மிதிப்போம். மிதிக்க மிதிக்கத் தரை இறுகி சிமெண்ட் மாதிரி ஆகும். ஆகிவிட்டதா என்று பார்க்க, சாயங்காலம் ஒரு குடம் தண்ணியை ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போவோம். காலையில் வந்து பார்த்தால் தண்ணி அப்படியே நிற்க வேண்டும், பளபளவென்று. நின்றால் பாத்தி தயார். எனக்கு அந்தக் குடம்கூடத் தேவையில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நாலடி நடந்தால் உள்ளங்கால் சொல்லிவிடும். மேஸ்திரிகள் இடம் பார்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் சரி என்று சொன்ன எந்தப் பாத்தியும் இதுவரை ஒழுகினதில்லை.

அந்தத் தையிலும் மிதிப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. ஆட்களிடம் சொல்லிவிட்டு, மகளோடு காலை பஸ்ஸில் சென்னைக்குக் கிளம்பினேன்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. அத்தனை பெரிய ஊரில் ஒரு ஆள் ஏன் இந்தத் தெருவில் இருக்கிறான், அந்தத் தெருவில் இல்லை? எங்கள் பக்கம் இந்தக் கேள்விக்கே இடமில்லை. பிறந்த இடத்தில் இருப்போம், கட்டிக் கொடுத்த இடத்துக்குப் போவோம். தானாகத் தேர்ந்தெடுத்து ஒரு தெருவுக்குப் போகிறவன் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பான்? தெரிந்துகொள்ளாவிட்டால் தூக்கம் வராது போலிருந்தது. கேட்க ஆரம்பித்தேன்.

முதலில், சென்னையில் இறங்கி மாறின டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்தவரிடம்.

"ஏம்பா, உனக்கு எந்த ஏரியா? ஏன் அங்க இருக்கற?"

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் போலச் சொன்னார்.

"பஸ்ஸு கிளம்புற இடம்மா அது. ஏறினா சீட் கிடைக்கும். ரெண்டு தெரு தள்ளி வாடகை கம்மிதான், ஆனா அங்கேர்ந்து நின்னுக்கிட்டுதான் வரணும். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் உட்கார்ந்தே ஆபீஸ் போறேன்."

இறங்கின இடத்தில் பூ விற்கிற ஒரு பெண். அவளையும் கேட்டேன். அவள் தொடுப்பதை நிறுத்தாமலே சொன்னாள். "எங்க மாமியார் வீட்டுக்கும் எனக்கும் நடுவுல ரெண்டு பஸ்ஸுக்கா. ஒரே பஸ்னா தினம் வந்துடும். மாறி வரணும்னா கொஞ்சம் யோசிக்கும் பாருங்க."

ஆட்டோக்காரர் சொன்னது இன்னும் நன்றாக இருந்தது. அவர் வீட்டு வாசலில் ஒரு விளக்குக் கம்பம் இருக்கிறதாம். ராத்திரி ஆட்டோவை வெளிச்சத்தில் நிறுத்தலாம், பேட்டரி களவு போகாது. "வீட்டுக்குள்ள போனா குனிஞ்சுதான் நிக்கணும். பரவால்ல, ஆட்டோ நிமிந்து நிக்குது."

ஒருத்தர்கூட வீட்டைப் பற்றிப் பேசவில்லை என்பதைக் கவனித்தேன். மகளிடம் சொன்னேன். "நீ வேற எதையும் கவனிக்கலையா," என்றாள், "நீ கேட்ட கேள்விக்கு எல்லாரும் பயந்துடுவாங்கன்னு நினைச்சேன். சந்தோஷமா பதில் சொல்றாங்க."

முதல் இடம் அவள் போனிலேயே பார்த்து வைத்திருந்தது. கடற்கரைப் பக்கம் ஒரு பழைய அப்பார்ட்மெண்ட், ரெண்டாவது மாடி. தெரு சின்னது. வேப்பமரமும் பூவரசும். லேபுக்கு ஒரே பஸ். எனக்கு அதெல்லாம் பிறகு. இறங்கினதும் செருப்பைக் கழற்றி, ரோட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் இருந்த மண்ணில் கால் வைத்தேன். பொதபொதவென்று உள்ளே போனது. மணல். எங்கள் பக்கம் மணலென்றால் ஒன்றுக்கும் உதவாத இடம், எவ்வளவு ஊற்றினாலும் குடித்துவிட்டு இன்னும் கேட்கும்.

"வேணாம்," என்றேன்.

"அம்மா, இன்னும் வீட்டையே பார்க்கல."

"பார்க்க வேணாம். இந்த மண்ணுல எது நிக்கும்?"

"நான் இங்க உப்பு போடப் போறதில்லம்மா."

"எல்லாத்துக்கும் அடியில மண்ணுதாண்டி இருக்குது."

அவள் மேலே ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். ரெண்டாவது மாடியில் ஒரு சின்ன பால்கனி, காலியாக. பிறகு ஒன்றும் பேசாமல் ஆட்டோ பிடிக்கப் போனாள். மறுபடி அந்த மௌனம். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ரெண்டாவது இடம் புரோக்கர் காட்டியது. அவர் நெற்றி நிறையத் திருநீறு வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் முன்னால் போக, நாங்கள் ஆட்டோவில் பின்னால் போனோம். கடலிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி. இறங்கினதுமே எனக்குப் பிடித்துவிட்டது. நாலு பக்கமும் பலகை போட்டு இழுத்த மாதிரி சமமான தரை. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. அகலமான தெரு. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு காலி மனை. செருப்பைக் கழற்றினேன். களிமண். குதிகால் பதியவில்லை. ஒரு வாரம் ஆள் வைத்து மிதித்த பாத்தி எப்படி இருக்குமோ அப்படி, மிதிக்காமலே. என் காலுக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

பையிலிருந்த பாட்டில் தண்ணியில் பாதியை அந்த மனையில் ஊற்றினேன்.

"என்னம்மா பண்றீங்க?" என்றார் புரோக்கர்.

"மண்ணு பார்க்கிறேன்."

"ஆமாம்மா, ரொம்ப கெட்டியான ஏரியா," என்றார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் எதற்கும் ஆமாம் சொல்வது அவர் தொழில்.

வீடு கீழ்த்தளம். புதுசாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். நான் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கேட்டேன். எனக்கு எதையும் ஏன் என்று கேட்காமல் விடத் தெரியாது. வாசல்படியில் எங்கள் பாத்தி வரப்பு மாதிரி முழங்கால் உயரத்துக்கு ஒரு சிமெண்ட் கட்டை. தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். பார்த்ததும் சொந்த ஊர் மாதிரி இருந்தது. ஸ்விட்ச் போர்டு, பிளக் பாயிண்ட் எல்லாம் என் தோள் உயரத்தில். "நல்ல யோசனை, குனிய வேண்டியதில்ல," என்றேன். தண்ணி மோட்டாரைச் சுவரில் உயரமாக ஸ்டாண்டு அடித்து வைத்திருந்தார்கள். "இடம் மிச்சம்," என்றேன். ஃப்ரிட்ஜ் வைக்க இடுப்பு உயரத்தில் சிமெண்ட் மேடை. "எலி ஏறாது," என்றேன். புரோக்கர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார். எனக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய அவசியமே அவருக்கு ஏற்படவில்லை.

வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தார். "கீழ இவ்வளோ வசதி பண்ணிட்டு நீங்க ஏம்மா மேல இருக்கீங்க?" என்று கேட்டேன். "எங்க வீட்டுக்காரருக்குக் காத்து வேணும்," என்றார். சரிதான் என்று விட்டுவிட்டேன்.

வெளியே வந்து பார்த்தால் நான் ஊற்றின தண்ணி மனையில் அப்படியே நின்றது. ஒரு சொட்டு இறங்கவில்லை. வெயிலில் கண்ணாடி மாதிரி இருந்தது. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பார்த்தியா? இதுதான் இடம்."

அவள் தண்ணியையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "உனக்குப் பிடிச்சிருக்குது இல்ல? அப்ப இதையே எடுத்துக்கலாம்."

அவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. எனக்கு அது அப்போதே உறுத்தியிருக்க வேண்டும். ஆனால் ஜெயித்தவளுக்கு எதுவும் உறுத்தாது. புரோக்கர் அட்வான்ஸ் பற்றி வீட்டுக்காரம்மாவிடம் பேசப் போனார். அந்த நேரத்தில் நான் தெரு முனைக்கு நடந்தேன். அங்கே வேப்ப நிழலில் ஒரு இஸ்திரி வண்டி. என் வயசு இருக்கும் அந்த அம்மாவுக்கு, பெட்டியில் கரி போட்டு விசிறிக்கொண்டிருந்தார். கேட்காமல் எப்படி வருவது?

"ஏன் இந்த ஏரியாவுல இருக்கீங்க நீங்க?"

"நல்ல ஏரியாக்கா இது," என்றார். "ஆபீஸ் போறவங்க நிறைய. துணி குறையாது. தெருவுல யாரும் சண்டை போடறதில்ல. மழைக்கு மட்டும் ரெண்டு வாரம் ஊர்ப்பக்கம் போயிட்டு வந்துட்டா, வேற ஒரு தொந்தரவும் கிடையாது."

"மழைக்கு எதுக்கு ஊருக்கு?"

"தண்ணி வந்துடும் இல்ல? இதோ இவ்வளோ." விசிறிக்கொண்டிருந்த கையை எடுத்துத் தன் இடுப்பில் வைத்துக் காட்டினார். ஒரு குறையும் இல்லாத முகம். மழை வந்தால் குடை பிடிப்போம் என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். "வந்தா போகவே போகாது. எல்லாம் கெட்டி மண்ணு பாருங்க. வண்டிய மட்டும் அந்த மாடிப்படில ஏத்திக் கட்டிட்டுப் போயிடுவோம்."

நான் அங்கேயே நின்றேன். நின்ற இடத்திலிருந்தே அந்த வீடு தெரிந்தது. வாசல் கட்டை. உள்ளே தோள் உயர ஸ்விட்ச். சுவரில் தொங்குகிற மோட்டார். ஃப்ரிட்ஜ் மேடை. மாடியில் காத்து வாங்குகிற வீட்டுக்காரர். எங்கள் பாத்தியில் வரப்பு கட்டுவது தண்ணி வெளியே போகாமல் இருக்க. இந்த வாசலில் கட்டியிருந்தது உள்ளே வராமல் இருக்க. நான் என் மகளைக் குடி வைக்க, நாலு பக்கமும் சமமாக, ஒரு சொட்டுக்கூட ஒழுகாத முதல் தரமான உப்புப் பாத்தி ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தேன்.

சிரிப்பு வந்தது. யாரிடம் சொல்வது? புரோக்கர் கூப்பிட்டார். "அம்மா, வாங்க, பேசி முடிச்சிடலாம்."

"நாளைக்குச் சொல்றேன் போப்பா," என்றேன்.

"நாளைக்கு இருக்காதும்மா. கேட்டு நிறைய பேர் நிக்கறாங்க."

"தண்ணிதான நிக்கும்?" என்றேன். அவர் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு போனார்.

ஆட்டோவில் ஏறினதும் மகளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிப்பாள், ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"தெரியும்மா," என்றாள்.

"என்ன தெரியும்?"

"அங்க தண்ணி வரும்னு. புரோக்கர் ஏரியா பேரு சொன்னதுமே போன்ல பார்த்தேன். போட்டோகூட இருந்துது, அந்தத் தெருவுல படகு போறது."

"அப்புறம் ஏண்டி எடுத்துக்கலாம்னு சொன்ன?"

ஆட்டோ சிக்னலில் நின்றது. அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "அது வேணாம்னா நீ இன்னொன்னு தேடுவ. அதுலயும் கால வச்சுப் பார்த்துட்டு வேணாம்ப. மண்டே நான் சேரணும். மழைக்கு ரெண்டு வாரம் தானே, உன்கிட்ட வந்து இருந்துக்கலாம்னு நினைச்சேன்."

இடுப்பளவு தண்ணியில் இருக்கத் தயாராக இருந்திருக்கிறாள், என்னிடம் இன்னொரு தடவை பேசுவதற்குப் பதிலாக. நான் எல்லாரிடமும் பேசிப் பேசியே ஜெயித்தவள். லாரிக்காரனிடம், குத்தகைக்காரனிடம், அவள் அப்பாவின் அண்ணன் தம்பிகளிடம். இவள் ஒருத்தி மட்டும் பேச்சை நிறுத்தியே என்னை ஜெயிக்கப் பார்த்திருக்கிறாள். என் மகள்தான், சந்தேகமில்லை.

"ஆட்டோவ திருப்புப்பா," என்றேன். "காலைல போன இடத்துக்கு, கடற்கரைப் பக்கம்."

"அதுதான் வேணாம்னியே," என்றாள்.

"என் கால் வேணாம்னு சொன்ன இடம்தான் வீட்டுக்குச் சரியான இடம். இப்பதான் எனக்குப் புரிஞ்சுது. உனக்குப் போன் பார்த்தாத்தான் தெரியும். எனக்குக் கால் போதும், அது சொல்றதத் தலைகீழாப் படிக்கணும், அவ்வளோதான்."

இப்போது சிரித்தாள். ஆட்டோக்காரரும் சிரித்தார். அவர் வேறு ஆட்டோக்காரர், விளக்குக் கம்பத்துக்காரர் இல்லை. அவரையும் எந்த ஏரியா, ஏன் என்று கேட்டேன். தங்கச்சியைக் கட்டிக் கொடுத்த தெருவாம். தங்கச்சி பிறகு வேறு ஊருக்குப் போய்விட்டாளாம். இவர் மட்டும் அங்கேயே இருக்கிறார்.

அந்தச் சின்னத் தெருவில் மறுபடி இறங்கி, பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணியை மணலில் ஊற்றினேன். ஊற்றின சத்தம் அடங்குவதற்குள் காணோம். ஈரத் தடம் மட்டும்தான் மிச்சம். மனசுக்குள் அந்தக் காலத்துக் கூலிக்காரி, ஐயோ வீண் என்றாள். நான் அவளைச் சும்மா இரு என்றேன்.

மகள் சாவி வாங்கப் போன நேரத்தில் எதிர் வீட்டு வாசலில் ஒரு அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இந்த ஏரியா எப்படிங்க?"

"நல்லாதான் இருக்கும்," என்று இழுத்தார். "மழைக்காலம்தான் ரொம்பத் தொல்லை."

நிமிர்ந்து உட்கார்ந்தேன். "ஏங்க? தண்ணி வருமா?"

"தண்ணி எங்க வரப்போகுது? சொந்தக்காரங்க வந்துடுவாங்க. சென்னைல இருக்கற எல்லாரும் துணி மூட்டைய எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்குத்தான். போன வருஷம் எங்க நாத்தனார் வந்துட்டு தீபாவளி முடிஞ்சுதான் போனா."

அதற்குமேல் எனக்கு ஒன்றும் கேட்கத் தேவையிருக்கவில்லை. ஆனாலும் அவர் ஏன் இங்கே வந்தார் என்று கேட்டேன். கீரையை ஆய்ந்து முடிக்கும் வரைக்கும் சொன்னார். அது பெரிய கதை, அவருடைய கதை, இங்கே எழுதக் கூடாது.

மகள் திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தாள். பால்கனியில் ஒரு துளசித் தொட்டி வைத்திருக்கிறாள். வீடு எப்படிக் கிடைத்தது என்று யார் கேட்டாலும் போனில் பார்த்தேன் என்கிறாளாம். நான் இங்கே எல்லாரிடமும் காலால் கண்டுபிடித்தேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். ரெண்டும் ஒரே வீடுதான்.

ஐப்பசியில் மழை பிடித்தது. எங்கள் பாத்திகள் எல்லாம் முங்கி, வரப்பே தெரியாமல் ஒரே தண்ணியாக வெளுத்துக் கிடந்தது. அந்த மாதங்களில் எங்களுக்கு வேலை கிடையாது, மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பதுதான். அப்படி ஒரு காலை நேரத்தில் போன் போட்டேன்.

"தண்ணி நிக்குதாடி?"

"இல்லம்மா. தெரு காஞ்சு கிடக்குது." பின்னால் பேச்சுச் சத்தமும் குக்கர் சத்தமும் கேட்டது. "ஆனா வீட்ல கால் வைக்க இடமில்ல. லேப்ல கூட வேலை செய்யறவங்க மூணு பேரு பையத் தூக்கிட்டு வந்துட்டாங்க. அவங்க ஏரியால இடுப்பு வரைக்கும் தண்ணியாம்."

"எந்த ஏரியா?"

சொன்னாள். நான் மனையில் தண்ணி ஊற்றிய அதே ஏரியா.

"ஒருத்திகிட்ட போனக் குடு."

"எதுக்கும்மா? வேணாம்மா."

"குடுடி."

ஒரு பெண் வந்தாள். வணக்கம் ஆன்ட்டி என்றாள். நல்ல குரல். சாப்பிட்டாயா என்று கேட்டேன். பிறகு கேட்டேன், நீ ஏம்மா அந்த ஏரியாவுக்குப் போன?

"எங்க அப்பாதான் பார்த்துக் குடுத்தாரு ஆன்ட்டி," என்றாள். "இடம் நல்லா சமமா, தரை கெட்டியா இருக்குதுன்னு சொன்னாரு."

"அப்பாவுக்கு எந்த ஊரு?"

"வேதாரண்யம் ஆன்ட்டி."

அங்கேயும் உப்பளம்தான். அதற்கு மேல் கேட்கவில்லை.

"அப்பா சொன்னது சரிதாம்மா," என்றேன். "மண்ணு நல்ல மண்ணுதான்."